பக்கவாதத்திலிருந்து மீண்டவர்க்கு ஊர் செய்ய வேண்டுவன

"கை கால் விழுந்துவிட்டது" என்று நம் கிராமங்களில் சொல்லப்படும் பக்கவாத நோயை அறியாதார் இலர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகின்றது. வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் 108 ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும் என்பதை மக்கள் இப்போது ஓரளவு அறிந்துள்ளனர். ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பியவரின் பிற்கால வாழ்வைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

முதல் வாரம் ஊரே திரண்டு வந்து நலம் விசாரிக்கின்றது. மூன்றாம் மாதம் அவர் திண்ணையில் தனித்திருக்கின்றார். வாய்க்கால் முறையைப் பற்றியோ நெல் விலையைப் பற்றியோ எவரும் அவரிடம் யோசனை கேட்பதில்லை. அவர் எதிரிலேயே, "சாப்பிட்டாரா?" என்று மனைவியைக் கேட்கின்றனர். கை கால் தளர்ந்ததைக் காட்டிலும் இதுவே அவரை அதிகம் வாட்டுகின்றது.

இந்நோய் கண்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகின்றது. உணவை வெறுத்தல், உறக்கமின்மை, பயிற்சி செய்ய மறுத்தல் ஆகியன அதன் குறிகள். இதனைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் ஏசுதல் தவறு. பயிற்சி நின்றால் கை காலும் தேறா. மருந்தாலும் ஆலோசனையாலும் இச்சோர்வு நீங்கும். சிலர் காரணமின்றி அழுவர் அல்லது சிரிப்பர். அதுவும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பின் விளைவே.

பேச்சு இழந்தவர் அறிவையும் இழந்துவிட்டதாக எண்ணலாகாது. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அது பழுதுற்றால், சொல்ல விரும்புவது உள்ளத்தில் இருந்தும் சொல் வாயில் வராது. அவரிடம் உரக்கக் கத்துவதால் பயனில்லை. சிறு சிறு வாக்கியங்களாகப் பேசி, ஆம், இல்லை என்று விடையளிக்கத்தக்க கேள்விகளைக் கேட்டு, பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும்.

குடும்பத்தார் அவருக்கு இயன்ற வேலையை அளிக்கலாம். பால் கணக்கைச் சரிபார்த்தல், விதை பொறுக்குதல், களத்தைக் கவனித்தல் ஆகியவற்றை ஒரு கையாலும் செய்யலாம். "நான் இன்னும் வேண்டப்படுபவன்" என்ற எண்ணம் சிறந்த மருந்தாகும். இரவு பகலாகப் பணிவிடை செய்யும் மனைவிக்கோ மருமகளுக்கோ வாரத்தில் ஒரு பிற்பகலேனும் ஓய்வு கிடைக்குமாறு, மகளிர் சுயஉதவிக் குழுவினர் முறை வைத்து உதவலாம்.

ஊராட்சியின் கடமைகளும் உள. அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும், ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமாகக் கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்தல் வேண்டும். கிராம சபையில் இவர்களுக்கு முன்வரிசையில் இருக்கையிட்டு, கருத்தையும் கேட்டல் வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைப் பயிற்சியை வீட்டிற்கே கொண்டுவருகின்றது. இரத்த அழுத்த மாத்திரைகளும் இதன் வழியே கிடைக்கும். மறுமுறை நோய் தாக்காதிருக்க அவற்றை இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும். மனத்துயருக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். ஊனம் நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவர், மாற்றுத்திறனாளிகளுக்குரிய உதவிகளைக் கோரலாம்.

ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் இந்நோயால் முடங்கியிருப்போர் யாவர் என்று கணக்கெடுத்து, வாரம் ஒரு முறையேனும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுமாறு கேட்டுக்கொள்கின்றோம். இதற்குப் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.