அறுபது நிமிட நாடா: மினி-டிவி கசட்டைக் கையாள்வதும் காப்பதும்

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரத பவனியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இன்று கைபேசியை உயர்த்திப் பிடித்தபடிதான் நிற்கிறார்கள். தேர் தெருமுனை திரும்புமுன் காட்சி கடல் கடந்துவிடுகிறது. இருபது வருடங்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தது வீடியோக்காரரின் தோளில் இருந்த கமராவும், அதற்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான ஒரு கசட்டும். மினி-டிவி எனப்பட்ட அந்த டிஜிட்டல் வீடியோ கசட்டுகள் இப்போது ஸ்டூடியோ இழுப்பறைகளிலும் வீட்டு அலுமாரிகளிலும் கிடக்கின்றன. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தோட்டத்துக் காமன் கூத்து, இறந்துபோன தாத்தாவின் குரல் என்று எது எதிலிருக்கிறது என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

சோனி, பானசோனிக் முதலிய நிறுவனங்கள் கூடி வகுத்த இந்தத் தரம் 1995இல் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டில் வெளியான சோனி விஎக்ஸ்1000 கமரா, தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே எட்டிய படத்தரத்தைத் தனியாள் ஒருவர் தூக்கிச் செல்லும் கருவிக்குள் கொண்டுவந்தது. 2000இல் வந்த பிடி150 தெற்காசியாவெங்கும் கல்யாண வீடியோக்காரர்களின் கைக்கருவியானது. சினிமாவும் இதை விடவில்லை. டேனி பாய்லின் '28 டேய்ஸ் லேட்டர்' (2002) படத்தின் பெரும்பகுதி கெனன் எக்ஸ்எல்1 கமராவில், மினி-டிவி நாடாவில்தான் எடுக்கப்பட்டது.

கசட்டின் அகலம் 66 மில்லிமீற்றர், உயரம் 48, தடிப்பு 12. அதன் மூடியை இலேசாகத் தூக்கிப் பார்த்தால் 6.35 மில்லிமீற்றர் அகலத்தில் கருமையாக மினுங்கும் நாடா தெரியும். வெற்றிடத்தில் ஆவியாக்கிய உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்தது அது. விரல் படக்கூடாத இடமும் அதுதான்.

கசட்டைப் போட்டு மூடியதும் கமராவுக்குள் 'குர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். நாடாவை வெளியே இழுத்து, சாய்வாக நிற்கும் சிறு உருளையைச் சுற்றி வளைக்கும் சத்தம் அது. உருளை நிமிடத்துக்கு 9,000 தடவை சுழல்கிறது. அதில் பதிந்துள்ள இரண்டு நுண்ணிய ஹெட்கள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக எழுதிக்கொண்டே போகின்றன. இலங்கையில் பயன்படும் 'பால்' (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகத்துக்கு 12 கோடுகள், ஒரு விநாடிக்கு 25 சட்டகங்கள். ஆக, விநாடிக்கு 300 கோடுகள். ஒரு மணிநேரக் கல்யாணத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான கோடுகள். ஒவ்வொன்றின் அகலமும் 10 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு.

இந்த ஓர் அளவைப் புரிந்துகொண்டால் கசட்டைக் கையாளும் விதிகளெல்லாம் தாமாகவே புரியும்.

60 நிமிட நாடாவில் 90 நிமிடம் எடுக்க எல்பி என்றொரு வசதி உண்டு. அதில் நாடா மெதுவாக ஓட, கோட்டின் அகலம் 6.67 மைக்ரோமீற்றராகக் குறுகிவிடும். எழுதிய கமராவே அதைத் தடுமாறாமல் வாசிக்கும். வேறு கமரா பல நேரம் தோற்றுப்போகும். எல்பியில் எடுத்த பழைய கசட் இருந்தால், அதை எடுத்த கமராவையே தேடிப்பிடிப்பது நல்லது. கசட்டின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டால் தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்று பதியாது. காசை மிச்சம் பிடிக்க ஒரே கசட்டில் அடுத்தடுத்த கல்யாணங்களை எடுத்த காலத்தில், தள்ளப்படாத அந்தத் தாழ்ப்பாளால் அழிந்துபோனவை ஏராளம்.

பழைய விஎச்எஸ் நாடா கெடும்போது படம் மெல்ல மெல்ல மங்கும். டிஜிட்டல் நாடா அப்படியல்ல. சிறு பிழைகளைக் கருவியே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்வதால் படம் கடைசிவரை பளிச்சென்றிருக்கும். திருத்தும் எல்லை தாண்டியதும் ஒரேயடியாகச் சதுரம் சதுரமாகச் சிதறும், ஒலி அறுந்து கிறீச்சிடும். படத்தில் பட்டை பட்டையாக ஒன்றுவிட்டு ஒன்று உறைந்து நின்றால், இரண்டு ஹெட்களில் ஒன்றில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள். கசட்டைக் குறைசொல்லித் தூக்கியெறிய வேண்டியதில்லை. உலர் வகைத் துப்புரவுக் கசட்டைப் பத்து விநாடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அது ஹெட்டை இலேசாகத் தேய்க்கும் தன்மையுள்ளது. ஆகவே அடிக்கடி ஓட்டக்கூடாது, ஓடிய பகுதியைப் பின்சுற்றி மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

மாத்தளை மாவட்டத்தில் ஈரப்பதம் தனிச் சிக்கல். தம்புள்ளைப் பக்கம் வறண்ட வெயில். நக்கிள்ஸ் மலையோரத் தோட்டங்களில் மழையும் மூடுபனியும். ஏசி வானில் குளிர்ந்த கமரா வெளியே புழுக்கத்துக்கு வந்ததும் உருளையில் நீர் வியர்க்கும். நாடா அதில் ஒட்டிக்கொண்டால் கசங்கும், அறுந்தும் போகலாம். திரையில் நீர்த்துளி அடையாளம் தோன்றினால் கசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒரு மணிநேரம் விட வேண்டும். வானிலிருந்து இறங்குமுன்பே கமராவைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி, வெளிச்சூட்டுக்குப் பழகிய பின் திறந்தால் இந்தத் தொல்லையே இராது.

மழை மாதங்கள் நீளும்போது அடுத்த எதிரி பூஞ்சணம். கசட்டின் கண்ணாடிச் சாளரத்தால் பார்க்கையில் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகளோ தூளோ தெரிந்தால் அதைக் கருவியில் போடவே கூடாது. ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கசட்டுக்கும் தொற்றும். நல்ல கசட்டுகளை ஒரு முனைவரை முழுதாகச் சுற்றி, உறைக்குள் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது எளிய வழி. ஒலிபெருக்கி, மோட்டார் போன்ற காந்தமுள்ளவை அருகில் வேண்டாம்.

நாடாவைவிட வேகமாக அழிந்துவருவது அதை வாசிக்கும் கருவி. ஓலை ஏட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த நூலான திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. நூல் அழியவில்லை, பிரதிகள் வேறிடங்களில் இருந்தன. ஓலையை வாசிக்கக் கண் போதும். மினி-டிவிக்கோ ஓடும் நிலையில் ஒரு கமரா வேண்டும், அதற்கு மின்கலமோ சார்ஜரோ வேண்டும். காந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்ற 2025ஐயே கெடுவாக வைத்து, அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

மாற்றும்போது பலர் சறுக்குவது வயரில். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுள்ள ஏவி வயரால் எடுத்தால் டிஜிட்டல் படம் அனலொக்காக மாறி, மறுபடி டிஜிட்டலாகித் தரம் குறையும். கமராவில் உள்ள யுஎஸ்பி துளையும் பெரும்பாலும் நிழற்படங்களுக்கு மட்டுமே. சோனி ஐ-லிங்க் என்று பெயரிட்ட ஃபயர்வயர் துளையே சரியான வாசல். நாடாவில் உள்ளது அதன்வழி அப்படியே கணினிக்குப் போகும். புதிய மடிக்கணினிகளில் அந்தத் துளை இல்லை. ஃபயர்வயர் அட்டை பொருத்திய பழைய மேசைக் கணினி ஒன்றைத் தேடிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. ஒரு மணிநேரக் கசட்டுக்கு ஒரு மணிநேரம் ஓடத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் எந்தச் சட்டகத்தில் பிழை என்று காட்டும். இரண்டு மூன்று தடவை ஓட்டிய பிரதிகளிலிருந்து நல்ல சட்டகங்களைப் பொறுக்கிச் சேர்க்கவும் செய்யும்.

'எங்களிடம்தான் இறுவட்டு இருக்கிறதே' என்று சொல்பவர்களும் உண்டு. டிவிடி இறுவட்டில் விநாடிக்கு நான்கு முதல் எட்டு மெகாபிட் அளவுக்கு அழுத்திய படம் இருக்கும். நாடாவில் இருப்பது 25. மேலும், எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு சட்டகத்தோடும் நாடாவில் பதிந்துள்ளன. பெயர்ச்சீட்டு உரிந்த கசட்டையும் கமராவில் ஓட்டி 'டேட்டா கோட்' பொத்தானை அமுக்கினால் தேதி திரையில் வரும். வீடியோக்காரர் அன்று கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால் அதை நம்பலாம்.

ஒரு மணிநேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட் பிடிக்கும். நாற்பது கசட்டுகள் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பாதியளவில் அடங்கிவிடும். அப்படி இரண்டு டிஸ்குகளில் எடுத்து இரண்டு வீடுகளில் வைக்கலாம். திருவிழா, கூத்து, தோட்டத்துப் போராட்டம் எனப் பொதுவானவை இருந்தால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் பல்லூடக ஆவணங்களையும் தொகுத்து வருவதால், அங்கு கொடுக்கலாம். படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தையும், எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்தே அங்கு கொண்டுபோக வேண்டும்.