பச்சை மடிக்கணினியும் நான்கு பொத்தான்களும்

(இறுதியாண்டு, கணினிப் பொறியியல்)



"அப்டேட் போட்டாச்சா?" என்ற கேள்வி நம் ஆய்வகத்தில் கேட்காத நாளே இல்லை. ஆனால் எதற்கு அப்டேட், போடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் திருதிருவென விழிக்கிறோம். இன்றைய கணினிகள் அதைத் தாங்களே செய்துகொள்வதால் வந்த வினை இது. தானே செய்துகொள்ளத் தெரியாத ஒரு கணினியை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகப் புரியும்.

அதன் பெயர் எக்ஸ்ஓ. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக "ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" என்னும் திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005 ஜனவரியில் டாவோஸில் அறிவித்தார். வெள்ளையும் பச்சையுமாக, கைப்பிடியோடு, பார்ப்பதற்கு டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். விலை 100 டாலர் என்றார்கள். அந்த விலையில் அது நிற்கவில்லை. அது வேறு கதை.

பெருமளவு உற்பத்தி 2007 நவம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் பி1, பி2, பி3, பி4 என்று மாதிரிக் கணினிகளைச் செய்து மென்பொருள் எழுதுவோருக்கு அனுப்பினார்கள். 2006 நவம்பரில் வந்த பி1-ல் நினைவகம் 128 எம்பி, சேமிப்பு 512 எம்பி. கடைசியில் விற்பனைக்கு வந்ததில் 256 எம்பி, 1 ஜிபி. பிராசஸரும் இடையில் மாறிவிட்டது. அதாவது மாதிரிக் கணினியில் வன்பொருளும் நிலையாக இருக்காது, மென்பொருளும் நிலையாக இருக்காது. ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். "புதுசு எதுவோ அதைப் போடு" என்பது இங்கே செல்லாது.

ஏற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று ஃபர்ம்வேர். மற்றது ஆப்பரேட்டிங் சிஸ்டம். எங்கள் வீட்டில் பள்ளி இறுதியைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். "என்னடா படிக்கிற?" என்று அவர் கேட்டபோது பள்ளிக்கூடத்தை வைத்தே சொன்னேன். காலையில் வாட்ச்மேன் வந்து கேட்டைத் திறந்து, மெயினைப் போட்டு, எல்லாம் சரியா என்று ஒரு சுற்று பார்க்கிறார். அவர்தான் ஃபர்ம்வேர். அப்புறம் தலைமையாசிரியர் வந்து பள்ளியை நடத்துகிறார். அவர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏண்டா, வாட்ச்மேனை மாத்துற அன்னிக்குப் பழைய ஆளு போயிட்டாரு, புது ஆளு வந்து சேரலேன்னா பள்ளிக்கூடத்தை யாருடா தொறப்பா?" என்றார்.

ஃபர்ம்வேர் அப்டேட்டில் இருக்கிற அத்தனை ஆபத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்!

எக்ஸ்ஓவில் ஃபர்ம்வேர் இருப்பது 1 எம்பி அளவுள்ள ஒரு சின்ன சிப்பில். முதலில் லினக்ஸ்பயாஸ் என்பதை வைத்து ஆரம்பித்தார்கள். பிறகு மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன் ஃபர்ம்வேர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. அது ஃபோர்த் என்னும் மொழியில் எழுதப்பட்டது. கணினி விழிக்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் திரையில் "ஓகே" என்று மட்டும் வந்து நிற்கும். பென்டிரைவில் புது ஃபர்ம்வேர் கோப்பைப் போட்டுச் செருகி, "ஃபிளாஷ்" என்ற கட்டளையையும் கோப்பின் பெயரையும் தட்டினால் வேலை தொடங்கும்.

ஆனால் உடனே தொடங்காது. பேட்டரி உள்ளே இருக்கிறதா, அதில் போதிய சார்ஜ் இருக்கிறதா, சுவரிலிருந்து மின்சாரமும் வருகிறதா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் "முடியாது" என்று மறுத்துவிடும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி கைவிட்டால் கரண்ட் தாங்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும் அந்த ஓரிரு நிமிடத்தில் இரண்டும் போனால் கணினி செங்கல்தான். இன்னொரு சங்கதியும் உண்டு. விசைப்பலகையையும் பேட்டரியையும் கவனிக்கும் குட்டி கன்ட்ரோலருக்கான நிரலும் அதே சிப்பில்தான் இருக்கிறது. எழுதும்போது அதையும் நிறுத்தி வைக்க வேண்டும். அதனால் நடுவில் எந்த விசையைத் தட்டியும் பயனில்லை. கணினியின் வரிசை எண் முதலிய விவரங்களும் அதே சிப்பில் ஒரு மூலையில் இருக்கும். அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிலும் எழுதுவார்கள். வாட்ச்மேன் மாறினாலும் பள்ளியின் பெயர்ப்பலகை மாறக்கூடாதல்லவா?

ஃபர்ம்வேரை முதலில் முடித்துவிட்டுத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வர வேண்டும். புது சிஸ்டம் எதிர்பார்க்கும் வசதிகள் பழைய ஃபர்ம்வேரில் இல்லாமல் போகலாம். சிஸ்டம் என்பது ஃபெடோரா லினக்ஸும் அதன்மேல் சுகர் என்ற குழந்தைகளுக்கான முகப்பும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண் உண்டு: 406, 656, 703 என்று.

"ஓகே" வந்த இடத்திலேயே "காபி-நாண்ட்" என்று தட்டினால் பென்டிரைவில் உள்ள முழுப் பிம்பமும் சேமிப்பில் இறங்கும். கூடவே சரிபார்ப்பு எண்கள் கொண்ட இன்னொரு கோப்பும் இருக்க வேண்டும். எழுத வேண்டிய ஒவ்வொரு துண்டையும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். திரையில் கட்டம் கட்டமாக நிறம் மாறிக்கொண்டே வரும். பின்னாளில் இதையும் சுலபமாக்கினார்கள். திரையின் ஓரத்தில் வட்டம், சதுரம், பெருக்கல், டிக் என்று நான்கு விளையாட்டுப் பொத்தான்கள் உண்டு. நான்கையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவரைப் போட்டால், செருகியுள்ள பென்டிரைவிலிருந்து எல்லாம் தானாக நடக்கும். கட்டளை எதுவும் தெரிய வேண்டாம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம். இந்த வழியில் போனால் உள்ளே இருந்தது அத்தனையும் அழிந்துவிடும். சிஸ்டம் எழுதுகிற பொறியாளருக்கு அது நஷ்டமில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை வரைந்த படமும், எழுதிய கதையும் போனால் அது நஷ்டம்தான். "புதுசு வந்திருக்கு பாப்பா" என்று சொல்லி அந்தப் பிள்ளையின் உழைப்பை அழிக்க நமக்கு என்ன உரிமை? திட்டக்காரர்களுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். ஓஎல்பிசி-அப்டேட் என்று இன்னொரு வழி செய்தார்கள். அது சிஸ்டத்தின் கோப்புகளை மட்டும் மாற்றும், பிள்ளையின் கோப்புகளைத் தொடாது. பழைய சிஸ்டத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கும். புதியது தகராறு செய்தால் வட்டப் பொத்தானை அழுத்தியபடி பவரைப் போட்டால் போதும், பழையது திரும்பி வந்துவிடும்.

விற்பனைக்கு வந்த கணினிகளில் ஒரு பூட்டும் இருந்தது. கையொப்பமிட்ட மென்பொருளைத்தான் அவை ஏற்கும். திருட்டைத் தடுக்க 2007-ல் வகுத்த பிட்ஃப்ராஸ்ட் என்னும் பாதுகாப்பு முறையைச் சேர்ந்தது அது. மாதிரிக் கணினிகளைத் திறந்தே விட்டிருந்தார்கள், எதையும் ஏற்றிப் பார்க்கலாம். பூட்டியதைத் திறக்க வரிசை எண்ணைக் கொடுத்து ஒரு சாவிக் கோப்பு கேட்டு வாங்க முடிந்தது.

உருகுவே நாடு 2007-ல் வில்லா கார்டால் என்ற சிற்றூரில் இந்தக் கணினியைத் தொடங்கி, 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சர்வீஸ் இன்ஜினியரை அனுப்ப முடியுமா? ஒரு பென்டிரைவும் நான்கு பொத்தான்களும் எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா? ஃபர்ம்வேருக்கு மட்டும் வட்டப் பொத்தான் கிடையாது. அது பாதியில் நின்றால் கணினியைத் திருகிக் கழற்றி, வெளியிலிருந்து ஒயர் கொடுத்து, சிப்பில் நேரடியாக எழுதித்தான் எழுப்ப வேண்டும்.