வளிவடேயில் இறங்கியவர்கள்

கோலாப்பூர்ப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் காந்திநகர் என்றால் ஜவுளிதான். தீபாவளிக்கு முன்னால் ஒரு நடை போய் வராத குடும்பம் குறைவு. என் பெண்ணின் கல்யாணத்துக்கு, உறவுக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கப் புடவைகள் எடுக்க நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். பெண்கள் புடவை பார்க்கும் இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை? கல்லாவில் உட்கார்ந்திருந்த சிந்திப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிரிவினைக்குப் பிறகு தம் தகப்பனார் சிந்துவிலிருந்து வந்து இதே ஊரில், முகாம் கொட்டகை ஒன்றில் குடியேறியதாகச் சொன்னார். "எங்களுக்கு முன்னால் அதில் போலந்துக்காரர்கள் இருந்தார்கள்" என்றார், மழை பெய்தது என்று சொல்வது போல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீரஜ்-கோலாப்பூர் பாதையில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்த காலத்தில், பக்கத்திலிருக்கும் வளிவடே ஸ்டேஷனை டிராலியில் எத்தனை முறை கடந்திருப்பேன்! தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1939 செப்டம்பரில் போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் யூனியனும் பிடித்துக்கொண்டன. கிழக்குப் பகுதியில் இருந்தவர்களில் லட்சக்கணக்கானோரை 1940-லும் 1941-லும் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் யூனியன் மீதே பாய்ந்ததும் நிலைமை மாறியது. ஜூலை 30 அன்று லண்டனில் இருந்த போலந்து அரசும் மாஸ்கோவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிடித்து வைத்தவர்களை விடுவித்தார்கள். ஜெனரல் ஆண்டர்ஸ் அவர்களிலிருந்து ஒரு படை திரட்டினார். 1942-ல் காஸ்பியன் கடலைக் கடந்து அந்தப் படை ஈரானுக்கு வந்தபோது, பட்டினியாலும் டைபாய்டாலும் நொந்துபோன பெண்களும் குழந்தைகளும் பல்லாயிரக்கணக்கில் கூடவே வந்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களை யார் வைத்துக்கொள்வது?

ஒரு நாடு மட்டும் ஏற்கவில்லை. பல நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. டாங்கனிகா, உகாண்டா, மெக்சிகோ, 1944-ல் நியூஸிலாந்து, நம் இந்தியா. நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி 1942-லேயே ஜாம்நகருக்கருகில் பாலாசடியில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். அந்தக் கதை இப்போது பலருக்குத் தெரியும். அதைவிடப் பெரியது நம் வளிவடே. 1943 முதல் சுமார் 5,000 பேர் இங்கே இருந்தார்கள்.

நிலம் கோலாப்பூர் சமஸ்தானத்தில். செலவு, லண்டனில் இருந்த போலந்து அரசின் கணக்கில். ரயில்வேக்காரன் புத்தி ரயிலைத்தான் நினைக்கும்: அன்று புனேயிலிருந்து இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், நடத்தியது மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. பம்பாய் வழியாக யார் வந்தாலும் புனேயில் இறங்கி மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டும். சைபீரியாவிலிருந்து எத்தனை வண்டி மாறி வந்தவர்களோ!

வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துச் சோறு போட்டதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, ஆஸ்பத்திரி, மாதா கோயில், நாடக மேடை, சாரணர் படை என்று ஒரு சிறிய போலந்து ஊரையே அவர்கள் நடத்தினார்கள். பாடம் போலிஷ் மொழியில்தான். இங்கே சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான்கு பிள்ளைகளைச் சேர்க்க நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். போலிஷ் புத்தகங்களுக்கு மதராஸும் கை கொடுத்தது. 1935-ல் இந்தியா வந்த வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணியை இங்கே உமாதேவி என்பார்கள். அவர் 1944-ல் அங்கே இந்திய-போலந்து நூலகம் என்ற வெளியீட்டு அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அவரே திபெத்திய அகதிகளுக்காகவும் உழைத்தார்.

உண்மையான சோதனை யுத்தம் முடிந்த பிறகுதான் வந்தது. 1945 ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் வார்சாவில் அமைந்த புதிய அரசை அங்கீகரித்தன. லண்டன் அரசுக்கு அங்கீகாரம் போயிற்று. வளிவடேக்கு அதன் பணமும் நின்றது. இவர்கள் பிறந்த ஊர்களோ சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. 44 நாடுகள் சேர்ந்து 1943-ல் அமைத்த அன்ரா என்ற நிவாரண அமைப்பு, அகதிகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதையே முதல் வேலையாக வைத்திருந்தது. யார் வீட்டுக்கு, எந்த வீட்டுக்கு? பெரும்பாலோர் போக மறுத்தார்கள்.

நம்மில் சிலர் வேடிக்கையாக, "நாமும் பிழைக்க வந்த அகதிகள்தானே" என்று சொல்வதுண்டு. இதைப் படித்தபின் எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நாம் உத்தியோக உத்தரவோடு வந்தவர்கள். வருஷா வருஷம் பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். அங்கே கதவைத் திறக்க ஆள் இருந்தது.

நல்ல வேளையாக அவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை. 1947-ல் சர்வதேச அகதிகள் அமைப்பு பொறுப்பேற்றது. மறுப்பவர்களுக்கு வேறு நாடு தேடித் தருவதும் அதன் வேலை. அதே ஆண்டு பிரிட்டன் தனிச் சட்டம் போட்டு, தன்னோடு சேர்ந்து போரிட்ட போலந்து வீரர்களையும் குடும்பங்களையும் ஏற்றுக்கொண்டது. வளிவடேயிலிருந்து பலர் அப்படித்தான் போனார்கள். வேறு சிலர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும். அந்த அமைப்பின் வழியில் வந்ததுதான் 1951-ல் வேலையைத் தொடங்கிய ஐ.நா. அகதிகள் ஆணையம். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த ஆண்டு எழுதிய அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கு இடம் கொடுத்த நாடு கையெழுத்துக்குத் தயங்குவது எனக்கு விளங்காத விஷயம்.

1948-ல் முகாம் காலியானது. அங்கே சிந்திக் குடும்பங்கள் வந்து இறங்கின. அதுதான் காந்திநகர்.

அடுத்த முறை துணி எடுக்கப் போகிறவர்கள் கோலாப்பூர் மகாவீர் கார்டனுக்கும் ஒரு நடை போய்வரலாம். போலந்துக்காரர்களின் நினைவுத் தூண் அங்கே இருக்கிறது. பழைய கொட்டகை ஏதாவது மிச்சம் உண்டா என்று கடைக்காரரைக் கேட்டதற்கு, தங்கள் பங்கை எப்போதோ இடித்துக் கட்டிவிட்டதாகச் சொன்னார். கூரை ஓடுகளை மட்டும் தகப்பனார் எறிய விடவில்லையாம். கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.