உங்களுக்குத் தெரியுமா? – பன்றி மிட்டாய்

★ அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்கு ‘பிக் கேண்டி’ என்று செல்லப்பெயர். அப்படியே சொன்னால் பன்றி மிட்டாய். உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சியான பேக்கன் துண்டுகளின் மேல் பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தூவி ஓவனில் வைத்தால், அரைமணி நேரத்தில் அரக்கு நிறத்தில் பளபளவென்று வெளியே வரும். கடித்ததும் இனிப்பு, மெல்லும்போது உப்பும் புகைவாசமும், விழுங்கிய பிறகு தொண்டையில் காரம். விருந்தாளிகள் வரும்வரை தட்டில் மிச்சம் இருந்தால் அதிசயம்.

★ ‘கேண்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் பிரெஞ்சு, அரபு, பாரசீகம் எனப் பல ஊர் சுற்றி, கடைசியில் சமஸ்கிருதத்தின் ‘கண்ட’ என்ற சொல்லில் வந்து நிற்கும். சர்க்கரைக் கட்டி என்று பொருள். அந்தச் சொல்லுக்கே திராவிட மூலம் இருக்கலாம் என்று சொல்லும் சொற்பிறப்பு அகராதிகள், சான்றாகக் காட்டுவது தமிழின் ‘கண்டு’ என்ற சொல்லை. கற்கண்டில் இருக்கிறதே, அதே கண்டுதான்.

★ பண்டம் அமெரிக்காவுடையது. ஆனால் அதில் சேர்பவற்றில் மிளகாய் ஒன்றுதான் அமெரிக்கக் கண்டத்து மண்ணில் பிறந்தது. பன்றியும் கரும்பும் 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கப்பலேறி கரீபியன் தீவுகளுக்குப் போனவை. இன்றைய அமெரிக்காவின் தென்பகுதிக்குப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனவர் எர்னான்டோ தெ சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி. 1539-இல் ஃபுளோரிடாவில் அவர் இறங்கியபோது கூட வந்தவை 13 பன்றிகள். மூன்றே ஆண்டுகளில் அவை பல நூறாகப் பெருகிவிட்டன. கூடவே சேர்க்கிற மிளகு? அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கொடி.

★ லண்டனில் கடைக்காரரிடம் வெறுமனே “பேக்கன்” என்று கேட்டால், முதுகுப்பக்கத்து இறைச்சியைத்தான் தருவார்கள். கொழுப்பு குறைவு, இதற்கு உதவாது. வயிற்றுப்பக்கத்து இறைச்சி வேண்டும். கொழுப்பும் சதையும் மாறி மாறி வரிவரியாக ஓடுவதால் அங்கே அதற்கு ‘ஸ்ட்ரீக்கி’ என்று பெயர். டொராண்டோக்காரர்கள் மஞ்சள் சோளமாவில் புரட்டிய ஒரு வகையைப் ‘பீமீல் பேக்கன்’ என்பார்கள். பெயரில் பட்டாணி மாவு, மேலே இருப்பதோ சோளமாவு! ஆதியில் பட்டாணி மாவில்தான் புரட்டினார்களாம். மாவு மாறியும் பெயர் மாறவில்லை.

★ சரி, வீட்டில் எப்படிச் செய்வது? பலரும் சறுக்குவது முதல் படியில்தான். பச்சை பேக்கன் மேல் நேரே சர்க்கரையைத் தூவிவிடுகிறார்கள். சூடேறியதும் இறைச்சியிலிருந்து நீரும் கொழுப்பும் கசிந்து சர்க்கரையை அடித்துக்கொண்டு போய்விடும். தட்டு கருகும், துண்டு வெளுப்பாக நிற்கும். முதல் தடவை நானும் அப்படித்தான் ஒரு தட்டைக் கெடுத்தேன். அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போனது.

அதனால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். சுமார் 3 மி.மீ. கனமுள்ள 12 துண்டுகள் (ஏறக்குறைய 450 கிராம்). மெல்லிய துண்டு வேண்டாம்; பாகு பிடிக்கும் முன்பே அது முறுகிப்போகும். ஓவனை 180 டிகிரி செல்சியசில் சூடாக்கி, அலுமினியத் தாள் விரித்த தட்டில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, 10 முதல் 12 நிமிடம் வெறுமனே வையுங்கள். உருகி நிற்கும் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். தட்டில் புதிய தாளை விரித்து, அதன் மேல் எண்ணெய் தடவிய கம்பி வலையை வைத்துத் துண்டுகளை அதில் அடுக்குங்கள்.

பழுப்புச் சர்க்கரை 100 கிராம், அப்போதுதான் இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். மூன்றையும் கலந்து பாதியை மேல்பக்கம் தூவி, விரலால் லேசாக அழுத்துங்கள். 10 நிமிடம் கழித்துத் திருப்பிப்போட்டு மீதியைத் தூவுங்கள். இன்னும் 8 முதல் 12 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். பளபளப்புக்கும் கருகலுக்கும் நடுவே இருப்பது இரண்டு நிமிடம்தான். உப்பு? ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பேக்கனில் இருப்பதே போதும்.

★ ஓவனிலிருந்து எடுக்கும்போது துண்டு தொளதொளவென்று வளைந்தால், “வேகவில்லையே” என்று திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள். கடலை மிட்டாய்ப் பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டு, ‘டங்’ என்று ஓசை வருகிறதா என்று பார்ப்பார்களே, ஏறக்குறைய 150 டிகிரியைத் தொட்ட பாகு அது. சூட்டில் இளகியிருக்கும், ஆறினால்தான் உடையும். இங்கேயும் அதே கதைதான். பத்து நிமிடம் ஆறவிட்டால் முறுமுறுப்பு தானாக வரும்.

★ பேக்கன் என்றால் டிஷ்யூ தாளில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பது வழக்கம். இதை மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள். பாகு தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தாளையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும். பட்டர் பேப்பரில் வைத்து ஆறவிடுங்கள். தொட்டுப்பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும். பாகு தோலில் பிடித்துக்கொண்டு சுடும்.

★ 1912 இந்தப் பண்டத்துக்கு ராசியான வருடம். அந்த ஆண்டில்தான் லூயி காமில் மெய்யார் என்ற பிரெஞ்சு அறிஞர், சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் வினையைப் பற்றி எழுதினார். பேக்கன் பொரியும்போது தெருவையே இழுக்கும் வாசனையில் பெரும்பங்கு அந்த வினைக்குத்தான். அதே 1912-இல் அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாயின் காரத்தை அளக்க ஒரு முறை கண்டார். எப்படி அளந்தார்? மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை நீர்க்கவைத்துக்கொண்டே போனார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டுமோ அத்தனை ‘ஸ்கோவில்’.

அமெரிக்கர்கள் இதில் போடும் கேயேன் மிளகாய் 30,000 முதல் 50,000 ஸ்கோவில் வரை போகும். நம் வீட்டுக் காஷ்மீரி மிளகாய்த்தூள் அதன் பக்கத்தில்கூட வராது. நிறத்துக்கு மட்டும் அதைப் போட்டு, காரத்துக்கு குண்டூர் தூளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

★ மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். காரம் ஏறிப்போனால் தண்ணீர் குடித்துப் பயனில்லை; பாலோ தயிரோ எடுங்கள்.

★ வடித்த கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இல்லத்தரசிகள் அதை டப்பாவில் சேர்த்து இறைச்சிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. இதைச் சொல்லிக்கொடுக்க 1942-இல் டிஸ்னி ஒரு குறும்படமே எடுத்தது. மின்னி மவுஸ் பேக்கன் கொழுப்பை எடுத்து நாய் ப்ளூட்டோவுக்குப் போடப் போவாள்; வானொலி தடுத்துவிடும். பாவம் ப்ளூட்டோ. இன்றைக்கு உருளைக்கிழங்கு வறுக்க அந்தக் கொழுப்புக்கு ஈடில்லை. ஆனால் சர்க்கரை தூவுவதற்கு முன்பு வடித்த கொழுப்பாக இருக்கட்டும். பின்னால் வடிந்ததில் பாகு கலந்திருப்பதால் வாணலியில் கருகும்.

★ பிரிட்டனில் போர்க்கால ரேஷன் 1940 ஜனவரி 8-இல் தொடங்கியது. முதல் நாளே அட்டைக்குள் அடங்கிய மூன்று பண்டங்கள்: பேக்கன், வெண்ணெய், சர்க்கரை. பன்றி மிட்டாயின் இரண்டு முக்கியப் பொருளும் ஒரே நாளில் போயிற்று! சர்க்கரை 1953-இல் விடுபட்டது. இறைச்சியும் பேக்கனும் தாராளமாகக் கிடைக்க 1954 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

★ கனடாவின் கியூபெக்கில் வசந்தம் தொடங்கும்போது குடும்பம் குடும்பமாக மேப்பிள் காய்ச்சும் குடிசைகளுக்குப் போவார்கள். அங்கே உப்பிட்ட பன்றிக் கொழுப்பை மொறுமொறுவென்று பொரித்து, மேப்பிள் பாகு ஊற்றித் தின்பார்கள். சுருண்டு காது போல் இருப்பதால் அதன் பெயரே ‘கிறிஸ்துவின் காதுகள்’. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறு வேண்டும் என்பதால் விலை கொஞ்சநஞ்சமல்ல. 2011, 2012 ஆண்டுகளில் கியூபெக்கின் பாகுக் கிடங்கிலிருந்து ஏறக்குறைய 3,000 டன் பாகு களவுபோனது. மதிப்பு 1.8 கோடி கனடிய டாலருக்கு மேல். திருடர்கள் பீப்பாய்களில் பாகை எடுத்துவிட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். பிறகு அதற்கும் சோம்பல்பட்டு காலியாகவே விட்டுவிட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் பீப்பாய் மேல் ஏறினார், பீப்பாய் ஆடியது, குட்டு உடைந்தது.

★ நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரையோடு பீக்கன் பருப்பையும் பொடித்துத் தூவி ‘பிராலின் பேக்கன்’ என்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் விரல்கனத் துண்டுகளில் செய்து, ‘கோடீஸ்வர பேக்கன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்கேற்ற விலையும்தான்.

★ முட்டையும் பேக்கனும்தான் அமெரிக்கக் காலைப் பலகாரம் என்ற எண்ணத்தை ஊன்றியதில் ஒரு விளம்பர மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. 1920-களில் பீச்-நட் நிறுவனத்தின் பேக்கன் விற்பனையைத் தூக்கிவிட வந்த எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமகன் முறை. ஒரு விளம்பரமும் எழுதவில்லை. “காலையில் கனமாகச் சாப்பிடுவது நல்லதுதானே?” என்று டாக்டர்களுக்குக் கடிதம் போட்டார். 4,500 பேர் “ஆம்” என்றார்களாம். அது நாளிதழ்களில் செய்தியாக வந்தது. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

★ பேக்கனின் இளஞ்சிவப்பு, சாயம் அல்ல. பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து தருவது. உயிர்கொல்லும் போட்யூலிசம் கிருமியை அடக்குவதும் அதே நைட்ரைட்தான். மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே இது பண்டிகைப் பலகாரம், அன்றாட டிபன் அல்ல.

★ இங்கிலாந்தின் எசெக்ஸில் கிரேட் டன்மோ என்ற ஊர். திருமணமாகி ஓராண்டும் ஒரு நாளும் ஆகியும், “ஏன்டா கட்டிக்கொண்டோம்” என்று ஒரு தடவைகூட நினைக்காத தம்பதிக்கு உப்பிட்ட பன்றியின் ஒரு விலாப்பக்கம் முழுசாகப் பரிசு. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரே இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். இப்போது லீப் ஆண்டுதோறும் நடக்கிறது. நீதிபதி, எதிர்வாதம் செய்ய வழக்கறிஞர்கள், கன்னிப்பெண் ஆறு பேரும் பிரம்மச்சாரி ஆறு பேருமாக நடுவர் குழு! கல்யாணம் ஆகாதவர்கள் தீர்ப்புச் சொல்வதுதான் வேடிக்கை.

★ ஈரக்காற்று வீசும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழுப்புச் சர்க்கரைப் பாகு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் மொறுமொறுப்பாக இருந்தது சாயங்காலம் பிசுபிசுக்கும். காற்றுப்புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் வரும். மிஞ்சிய துண்டுகளை நொறுக்கி வெனிலா ஐஸ்கிரீம் மேல் தூவிப் பாருங்கள். முகம் சுளிக்காதீர்கள்: இங்கிலாந்தின் ஃபேட் டக் உணவகத்தில் ஹெஸ்டன் புளூமெந்தால் முட்டை-பேக்கன் ஐஸ்கிரீமையே பரிமாறிப் பெயர் வாங்கியவர்.

★ 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்டிரினுக்கும் அங்கே முதல் வேளைக்கு எழுதிக்கொடுத்திருந்த பட்டியல் இது: பேக்கன் சதுரங்கள், பீச் பழம், சர்க்கரை பிஸ்கட் கட்டிகள், பழச்சாறு, காபி. மிளகாய்த்தூள் மட்டும்தான் குறை.