நொறுங்கிய கோளின் ஜாதகம்

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மயிலாப்பூரைத் தாண்டி வடக்கே போனால் ராதாகிருஷ்ணன் சாலை. அது எட்வர்ட் எலியட்ஸ் சாலையாக இருந்த காலத்தில் அங்கே வளர்ந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், போகிற வழியிலேயே போட்ட கணக்குதான் வெண்குறுமீனின் எடை வரம்பு: சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1983-இல் நோபல் பரிசு. அதே வெண்குறுமீன்கள் இப்போது, கோள்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன.

தொலைதூரக் கோளுக்கு எடையும் குறுக்களவும் தெரிந்தாலும், உள்ளே பாறையா இரும்பா என்பது ஊகம்தான். உடைத்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் வெண்குறுமீன் செய்கிறது. எரிபொருள் தீர்ந்து பூமி அளவுக்குச் சுருங்கிய விண்மீன் அது. பக்கத்தில் வரும் குறுங்கோளை அதன் ஈர்ப்பு பிய்த்துத் தூளாக்கும். சில இடங்களில் அந்தத் தூள் வளையத்தோடு வாயுவும் சேர்ந்து சுற்றுகிறது.

2006-இல் போரிஸ் கென்சிக்கே குழு கன்னி மண்டலத்தில் அப்படி ஒன்றைப் பிடித்தது. நிறமாலையில் கால்சியத்தின் மூன்று கோடுகள். ஒவ்வொன்றுக்கும் மாட்டுக்கு இருப்பதுபோல் இரண்டு கொம்பு. வளையத்தின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி நீலப் பக்கம் நகர்கிறது. விலகிப் போகும் பக்கத்தின் ஒளி சிவப்புப் பக்கம். கொம்புகளின் இடைவெளியே வேகம். வேகம் தெரிந்தால் வளையம் எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும். நமக்குப் புதிய வித்தையல்ல; சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் கொடைக்கானலில் எவர்ஷெட் கண்டதும் இப்படிக் கோடுகள் நகர்வதைப் பார்த்துத்தான்.

விண்மீன் விழுங்கிய தூளும் பேசும். கனத்த தனிமங்கள் சீக்கிரமே அடியில் அமிழ்ந்துவிடும் என்பதால், மேற்பரப்பில் தெரியும் இரும்பும் மெக்னீசியமும் பெரும்பாலும் வெளியிலிருந்து விழுந்தவை. வான் மானன் 1917-இல் கண்டுபிடித்த விண்மீனின் நிறமாலையில் அந்தத் தடயம் அப்போதே பதிந்திருந்தது. பொருள் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. இதுவரை அளந்தவற்றில் பல, பூமியைப் போலவே ஆக்சிஜன், மெக்னீசியம், சிலிக்கன், இரும்பு கலந்த பாறைதான்.

எனக்குப் பிடித்தது விதிவிலக்கு. 2019-இல் கடக மண்டலத்தில் ஒரு வளையம் சிக்கியது. கால்சியம் இல்லை, ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம். யுரேனஸ், நெப்டியூன் போன்ற கோளின் ஆழ்ந்த வளிமண்டலத்தில் எதிர்பார்க்கும் கலவை இது. கொதிக்கும் விண்மீனின் புறஊதாக் கதிர் பட்டு, அந்தக் கோள் வினாடிக்கு 3,000 டன்னுக்கு மேல் ஆவியாகிறதாம். கோளை யாரும் பார்க்கவில்லை, வாயுதான் சாட்சி.