ஈப்பர் மணிக்கூண்டின் பூனைகள்

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள ஈப்பர், இடைக்காலத்தில் கம்பளித் துணி வணிகத்தால் செழித்த ஊர். நடுச்சந்தையில் இருந்த துணிமாளிகையில் கம்பளி குவிந்துகிடக்கும். எலித்தொல்லைக்குப் பூனைகளை வளர்த்தார்கள். சரக்கு விற்றுத் தீர்ந்ததும் பூனைகள் பாரமாகிவிட, அவற்றை அந்த மாளிகையின் மணிக்கூண்டிலிருந்து உயிரோடு வீசினார்கள் என்பது ஒரு விளக்கம்.

எனக்கு அது போதவில்லை. வேண்டாத பூனையைத் தொலைக்க ஊரே கூட வேண்டாம். தவக்காலத்தில் அதற்கென்று ஒரு புதன்கிழமையை ஒதுக்கவும் வேண்டாம். பயமும் அதில் கலந்திருந்தது. 1233இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி ஜெர்மனிக்கு எழுதிய கடிதம், மதத்துரோகிகளின் இரகசியச் சடங்கில் கறுப்புப் பூனை ஒன்று தோன்றுவதாக விவரித்தது. அந்தக் கடிதத்தால்தான் ஐரோப்பா முழுக்கப் பூனைகள் கொன்று குவிக்கப்பட்டன என்று பரவும் கதைக்குச் சான்றில்லை. ஆனால் பூனையைச் சாத்தானின் கூட்டாளியாகப் பார்க்கும் வழக்கம் இருந்தது. சூனிய வழக்குகளின் காலத்தில் அது முற்றியது.

ஈப்பரில் கடைசியாக உயிருள்ள பூனையை வீசியது 1817இல். முதல் உலகப் போரின் குண்டுவீச்சில் துணிமாளிகையே இடிந்துபோனது. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. அந்தப் பழைய வழக்கத்தை நினைவூட்டும் பூனை ஊர்வலம் 1938இல் தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, எகிப்தியப் பூனைத் தெய்வம் பாஸ்டெட்டும் ராட்சதப் பூனை உருவங்களும் தெருவில் பவனி வருகின்றன. கடைசியில் கோமாளி ஒருவர் மணிக்கூண்டிலிருந்து பூனைகளை வீசுகிறார். எல்லாம் துணிப் பொம்மைகள். கீழே பிள்ளைகளும் பெரியவர்களும் முண்டியடித்துக் கைநீட்டுகிறார்கள். ஒரு காலத்தில் சாகட்டும் என்று எறிந்த பிராணியைக் கீழே விழாமல் பிடிக்க இன்று போட்டி. இந்த மாற்றத்தில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

கறுப்பு நிறத்தின் மீதான தயக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிரிட்டனின் கேட்ஸ் புரொடெக்‌ஷன் அமைப்பு 2011 முதல் அக்டோபர் 27ஐக் கறுப்புப் பூனைகளுக்கான நாளாகக் கொண்டாடி, அவற்றைத் தத்தெடுக்கச் சொல்லி வருகிறது.

ஈப்பரில் என்னை உறுத்துவது வேறு. பொம்மை வீச்சுக்குப் பிறகு சூனியக்காரி உருவத்தைக் கொளுத்துவதும் அந்த விழாவின் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. சூனியக் குற்றம் சாட்டி ஐரோப்பாவில் ஏறக்குறைய 40,000 முதல் 50,000 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலோர் பெண்கள். பூனை சுமந்த அதே பழியைச் சுமந்தவர்கள் அவர்கள். பூனையை இவ்வளவு அன்போடு ஏந்திக்கொள்ளும் ஊர், அந்தப் பெண்ணையும் நெருப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும்.