தார்ச் சாலை மூப்படைவது எவ்வாறு?

மேலூர் வட்டாரத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், அக்கல்லைப் பரப்பிப் போட்ட தார்ச் சாலைகள் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும் குண்டும் குழியுமாவதைக் காண்கிறோம். குறை முழுவதும் வேலை எடுத்தவருடையதே என்று சொல்லி விடுகிறோம். அஃது எப்போதும் நியாயமன்று.

தார் வெயிலிலும் காற்றிலும் கிடந்து, பிராணவாயுவுடன் கூடி, ஆண்டுக்கு ஆண்டு இறுகி வெடிக்கிறது. இதுவே அதன் மூப்பு. கருங்கல்லோ தாரைவிட நீரையே விரும்பிப் பற்றும் இயல்புடையது. வெடிப்பில் இறங்கும் மழைநீர் இரண்டுக்கும் இடையே புகுந்து அவற்றைப் பிரித்து விடுகிறது. பிறகு நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரி போனால் போதும், ஜல்லி பெயர்ந்து விடும்.

மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் இதற்கொரு வழி கண்டார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். குப்பையில் எறியும் பிளாஸ்டிக் பைகளைத் துணுக்குகளாக்கி, சுமார் 170 டிகிரி சூடேறிய ஜல்லியின் மேல் தூவினால், அவை இளகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோல் போலப் போர்த்துகின்றன. அதன் பின்னரே தார் சேர்க்க வேண்டும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் போதும்.

போட்ட அன்று எந்தச் சாலையும் அழகாகத்தான் இருக்கும். ஆண்டுகள் சென்றபின் எப்படி என்பதல்லவா கேள்வி? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக அக்கல்லூரியினர் செய்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. 2002 முதல் பல ஊர்களில் போட்ட பிளாஸ்டிக் சாலைகளை வெறும் தார்ச் சாலை ஒன்றுடன் ஒப்பிட்டார்கள். மதுரையில் 2004-இல் போட்ட வண்டியூர்ச் சாலையும் அவற்றுள் அடங்கும். மணலைப் பரப்பி மேற்பரப்பின் சொரசொரப்பை அளந்தார்கள்; பாரவண்டியின் கீழ்ச் சாலை எவ்வளவு அமிழ்ந்து மீள்கிறது என்றும் பார்த்தார்கள். பிளாஸ்டிக் சாலைகளில் பள்ளமோ, சக்கரத் தடமோ, ஓரச் சிதைவோ காணப்படவில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். உடைந்த பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கலக்க விடலாகாது. சூட்டில் அவை அமில வாயுவைக் கக்கும், வேலையாட்களின் மூச்சுக்குக் கேடு. மேலும், கண்மாய் நீர் ஓரத்தில் தேங்கும் சாலையைப் பிளாஸ்டிக்கும் காப்பாற்றாது. முதலில் வடிகாலை வெட்ட வேண்டும்.

மழை ஓய்ந்ததும் சாலை நெடுக நடந்து, முதல் வெடிப்புக் கண்ட இடத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மதிப்பீடு போட வரும் பொறியாளரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.